நகர்மன்றம், அரங்கேற்றம், பணி நிறைவு: மூன்று வாழ்த்து மடல்களை எப்படி எழுதுவது?

குடந்தைச்செயலர் கேட்டது:

எங்கள் ஊர் இலக்கிய மன்றத்தின் சார்பில் ஒரே மாதத்தில் மூன்று வாழ்த்து தர வேண்டியிருக்கிறது.

முதலாவது, புதிதாகப் பொறுப்பேற்ற நகர்மன்றத் தலைவருக்குக் கண்ணாடிச் சட்டமிட்ட வாழ்த்து மடல். மன்றத்துக்குக் கட்சிச் சார்பு கிடையாது. இரண்டாவது, ஒரு பரதநாட்டிய அரங்கேற்றம். விழா மலரில் ஒரு பக்கமும் மேடையில் ஐந்து நிமிட வாழ்த்துரையும் கேட்டிருக்கிறார்கள். மூன்றாவது, பணி நிறைவு பெறும் தமிழ்ப் பேராசிரியர் ஒருவருக்கு மடல். அதை வெண்பாவில் முடித்தால் நன்றாக இருக்கும் என்று உறுப்பினர்கள் சொல்கிறார்கள். அதே விழாவில் அவருடைய மாணவி ஒருவரையும் வாழ்த்த வேண்டும். அவருக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு முந்தைய வாரம்தான் நடக்கிறது.

பழைய மடல்களைப் புரட்டினால் மூன்றுக்கும் ஒரே வாசகம்தான்: "எல்லா வளமும் நலமும் பெற்று நீடூழி வாழ்க." பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அப்படிச் செய்ய மனமில்லை. எதில் எதைச் சொல்ல வேண்டும், எங்கே பிழை வரும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

இலக்கணச்சாலை பதில்:

செயலர் ஐயா, முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். பாராட்டு நடந்ததைப் பற்றியது. வாழ்த்து இனி நடக்க வேண்டியதைப் பற்றியது. தேர்தலில் வென்றது, அரங்கேற்றம் முடித்தது, பட்டம் பெற்றது எல்லாம் பாராட்டுக்கு உரியவை. நல்லாட்சி தருவது, கலை வளர்வது, ஆய்வு தொடர்வது வாழ்த்துக்கு உரியவை. இப்போது இரண்டுக்கும் "வாழ்த்துகள்" என்ற ஒரு சொல்லையே போட்டுவிடுகிறோம். பாராட்டு ஒரு பத்தி, வாழ்த்து ஒரு பத்தி என்று தனித்தனியாக எழுதிப் பாருங்கள், மூன்று மடலும் தாமாகவே வேறு வேறாகிவிடும். பாராட்டில் அவர் செய்த ஒன்றையாவது பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். வாழ்த்தில் அவர் செய்ய இருக்கும் ஒன்றையாவது குறிப்பிடுங்கள்.

அடுத்தது, யாரிடம் பேசுகிறோம் என்பது. சட்டமிட்ட மடலை அவர் எதிரில் நின்று படிப்போம், அதனால் முன்னிலை: "தாங்கள்". மலரில் வருவதை ஊரே படிக்கும், அதனால் படர்க்கை: "அவர்". ஒரே மடலில் "திருமதி … அவர்கள் பொறுப்பேற்றுள்ளார்" என்று தொடங்கி, நடுவில் "உங்கள் பணி சிறக்க" என்று தாவுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை.

வினைமுற்று: வாழ்க, வளர்க, சிறக்க, பொலிக எல்லாம் வியங்கோள், அதாவது வாழ்த்தவும் வேண்டவும் வரும் வினைமுற்று. முன்னிலையிலும் தன்மையிலும் வியங்கோள் நிலைபெறாது என்றது தொல்காப்பியம். எல்லா இடத்துக்கும் பாலுக்கும் வரும் என்றது நன்னூல். ஆகவே "தாங்கள் வாழ்க" என்று தயங்காமல் எழுதலாம். வியங்கோளுக்குப் பின் வல்லினம் மிகாது. "வாழ்க தமிழ்", "வளர்க கலை" சரி. "வாழ்கத் தமிழ்" பிழை.

திருத்துகிறவர் கண்ணில் படவேண்டிய சில:

வாழ்த்துகள் என்றே எழுதுங்கள். "கள்" விகுதிக்கு முன் ஒற்று மிகுமா என்பதில் வழக்கு இரண்டுபட்டுக் கிடக்கிறது, "வாழ்த்துக்கள்" என்று எழுதுவோரும் உண்டு. ஆனால் ஒற்று மிகாத வடிவத்தை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மடலில் அந்தப் பாதுகாப்பு தேவை.

"மென்மேலும்" அல்ல, மேன்மேலும் (மேல் + மேல் + உம்).

"அன்னார்" வேண்டாம். பொருளில் தவறில்லை, ஆனால் இன்று இரங்கல் அறிவிப்பிலேயே அதிகம் புழங்கி அந்த மணம் ஏறிவிட்டது.

மடலின் கீழே "இவண்" என்று போடும் வழக்கம் இருக்கிறது. இவண் என்றால் இவ்விடம். தட்டச்சில் அது "இவன்" ஆகி, அதற்குக் கீழே தலைவர், செயலர் பெயர்கள் அச்சாகிவிடும். "இங்ஙனம்" என்று போட்டுவிடுங்கள், அல்லது மன்றத்தின் பெயரோடு நிறுத்துங்கள்.

---

சதங்கை பதில்:

அரங்கேற்றம் பற்றி மட்டும் சொல்கிறேன். வாழ்த்துரையின் இடமும் நேரமும்தான் இங்கே முதல் கவலை, சொல் அழகு அதற்குப் பிறகு.

வழக்கமான வரிசை அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பிறகு பதங்கள், தில்லானா, மங்களம். வர்ணம் அரை மணிக்கு மேல் ஓடும். அது முடிந்ததும் பெண் உடை மாற்றப் போவாள். சிறப்பு விருந்தினர் பேசுவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். உடை, தலை அலங்காரம் எல்லாம் மாற்ற 15 முதல் 20 நிமிடம். மூன்று பேர் பேசுவதாக இருந்தால் ஆளுக்கு 5 நிமிடம் என்பது அந்தக் கணக்கில் வந்ததுதான். 5 நிமிடம் என்றால் 500 சொல்லுக்கு மேல் போகாதீர்கள், 400 இன்னும் நல்லது. பேச்சு நீண்டால் பெண் அலங்காரத்தோடு பக்கவாட்டில் நின்றுகொண்டிருப்பாள். வர்ணத்தில் சூடேறிய கால் ஆறி இறுகிவிடும். அதன் பிறகு தில்லானாவின் வேகத்துக்கு உடம்பை மறுபடி எழுப்புவது கடினம். மிருதங்கத்தின் சுருதியும் இறங்கும், திரும்பச் சேர்க்க வேண்டிவரும்.

உரையில் யார் பெயர் வர வேண்டும்? பெண், குரு, பிறகு பக்கவாத்தியக்காரர் ஒவ்வொருவரும்: நட்டுவாங்கம், வாய்ப்பாட்டு, மிருதங்கம், வயலின் அல்லது புல்லாங்குழல். ஒப்பனைக் கலைஞரையும் சேர்த்தால் அழகு. பெற்றோருக்கு ஒரு வாக்கியம் போதும். பெயர்களை அழைப்பிதழிலிருந்து எடுக்காதீர்கள். அன்று மிருதங்கத்துக்கு வேறொருவர் வந்திருக்கலாம். மேடையேறும் முன் குருவிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

எதை வாழ்த்துவது? "நாட்டிய உலகின் விடிவெள்ளி", "இளம் மேதை" எல்லாம் வேண்டாம். அரங்கேற்றம் தொடக்கம், அதை முடிசூட்டாக்கிப் பேசினால் குரு நெளிவார். இன்று ஆடிய வர்ணத்தில் ஒரு இடத்தைச் சொல்லுங்கள். ஒரு தீர்மானத்தில் (தாளக் கோவையில்) அடவு சுத்தமாக விழுந்ததையோ, ஒரு சஞ்சாரியில் (ஒரு வரியை அபிநயத்தில் விரிக்கும் இடத்தில்) உணர்ச்சி பாவம் நின்றதையோ சொல்லி, "இந்தச் சுத்தம் தினசரிப் பயிற்சியில் நிலைக்கட்டும்" என்று வாழ்த்துங்கள். அது அவள் மனத்தில் தங்கும். இதற்கு வர்ணத்தை முழுக்க உட்கார்ந்து பார்க்க வேண்டும். பேசும் நேரத்துக்கு மட்டும் வந்தால் முடியாது.

பொன்னாடையை அலங்காரத்தில் இருக்கும் பெண்ணின் தோளில் போர்த்தாதீர்கள். சரிகை நூல் ஜடை அலங்காரத்திலும் ஒட்டியாணத்திலும் மாட்டிக்கொள்ளும். எடுக்கும்போது ராக்கொடி நகர்ந்தால் அதைத் திருப்பிக் கட்டப் பத்து நிமிடம் போகும். மடித்துக் கையில் கொடுங்கள். பூங்கொத்து தருவதாக இருந்தால் தண்டு நனைந்திருக்கக் கூடாது. தரையில் சொட்டும் தண்ணீரில் அடுத்த உருப்படிக்குக் கால் வழுக்கும்.

மலர்ப் பக்கம் முன்பே அச்சாகிவிடும். அதில் ஆட்டத்தைப் பற்றி எழுத முடியாது. குரு பரம்பரை, எத்தனை ஆண்டுப் பயிற்சி, எந்த வர்ணத்தை எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்பதோடு நிறுத்துங்கள். ஏ4 பக்கத்தில் படமும் வரும், 200 சொல் தாராளம்.

---

மனுநீதி பதில்:

நகர்மன்றத் தலைவர் மடலுக்கு நாலு விஷயம்.

விளிச்சொல்லை ஊகிக்காதீர்கள். அமைச்சருக்கு மாண்புமிகு, நீதிபதிக்கு மாண்பமை என்பது பரவலான வழக்கு. மற்ற பதவிகளுக்கு அந்த அலுவலகக் கடிதத் தாளில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதையே போடுங்கள். கூட்டிப் போட்டாலும் குறைத்துப் போட்டாலும் வருத்தம்தான்.

மடலில் கோரிக்கையைக் கலக்காதீர்கள். "எங்கள் மன்றத்துக்கு இடம் ஒதுக்கித் தந்து நீடூழி வாழ்க" என்பது வாழ்த்தும் ஆகாது, மனுவும் ஆகாது. மனுவைத் தனித் தாளில் எழுதி, வேறொரு நாளில் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். சட்டம் போட்ட கண்ணாடிக்குள் இருப்பதற்கு யாரும் கோப்பு எண் தர மாட்டார்கள்.

ஆனால் அறிவுரை சொல்லலாம், அதற்கு மரபே இருக்கிறது. தொல்காப்பியம் செய்யுளியலில் வாயுறை வாழ்த்து என்று ஒன்று உண்டு: வேம்பும் கடுவும் போல வெஞ்சொல் இல்லாமல், பின்னால் பயன்தரும் சொல்லைச் சொல்லிக் காப்பது. "மழைக்கு முன் வாய்க்கால் தூர்வாரும் நகர்மன்றமாக இது பெயர் பெறுக" என்று எழுதினால் அது வாழ்த்துக்குள் அடங்கும். குடிமக்கள் ஆள்வோரை வாழ்த்துவதன் பழைய முறையும் இதுதான். ஐங்குறுநூற்றின் முதல் பத்தான வேட்கைப்பத்தில் "வாழி ஆதன் வாழி அவினி" என்று மன்னனை வாழ்த்திய கையோடு "நெற்பல பொலிக, பொன்பெரிது சிறக்க" என்று நாட்டுக்கும் கேட்கிறாள் தலைவி. ஆள்பவர் வாழட்டும், ஊருக்கு நெல் விளையட்டும். இரண்டும் ஒரே மூச்சில் வரவேண்டும். கட்சிச் சார்பில்லாத மன்றத்துக்கு இதைவிட நல்ல வழி கிடையாது: தலைவரை ஒரு வரி, ஊரை மூன்று வரி.

கடைசியாக, கட்சிக் கொடியின் நிறத்தில் ஓரக்கோடு, கட்சித் தலைவர் படம் இரண்டும் வேண்டாம். சாலையில் டிஜிட்டல் பேனர் வைப்பதாக இருந்தால் உள்ளாட்சி அமைப்பின் முன் அனுமதி வேண்டும். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்து இருசக்கர வாகனத்தில் போன இளம்பெண் ஒருவர் உயிரிழந்ததை மறக்காதீர்கள். மன்றத்தின் வாழ்த்து மண்டபத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

---

குடந்தைச்செயலர்:

மூவருக்கும் நன்றி. இரண்டு ஐயம். "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்" என்று எங்கள் இளைய உறுப்பினர்கள் மடலில் சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா? அடுத்து, வெண்பா எழுதிப் பார்த்தோம். ஈற்றில் "வாழ்க" வைத்தால் தளை தட்டுகிறது என்கிறார் ஒருவர், இல்லை என்கிறார் இன்னொருவர்.

---

யாப்புத்திண்ணை பதில்:

வயது: வாழ்த்துவதற்கு வயது வேண்டும் என்பது நம் மரபு அல்ல. பெரியாழ்வார் திருமாலுக்கே பல்லாண்டு பாடினார். சங்கப் புலவர்கள் தம்மினும் மூத்த மன்னரை வாழ்த்தியிருக்கிறார்கள். அந்த வாசகம் சுவரொட்டிகளில் தேய்ந்தும் போய்விட்டது. விட்டுவிடுங்கள்.

வெண்பா: தட்டுகிறது என்று சொன்னவர் சொன்னதே சரி, ஆனால் சிக்கல் தளையில் (சீரும் சீரும் இணையும் முறையில்) இல்லை, ஈற்றுச் சீரில் இருக்கிறது. வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாக முடிய வேண்டும். "வாழ்க" என்பது வாழ் + க, நேர் நேர் என இரண்டு அசை, அந்தச் சீருக்குத் தேமா என்று பெயர். காசு போலத் தோன்றும், ஆனால் காசு வாய்பாட்டுக்குக் கடைசியில் உகரம் வேண்டும். "வாழி"யும் அப்படியே, வா + ழி, தேமா. வாழ்த்து வெண்பா எழுதுகிற புதியவர் எல்லோரும் இடறும் கல் இது.

வழி எளிது. வாழ்கவை ஒரு சீர் முன்னால் தள்ளி, "வாழ்கபல் லாண்டு" என்று முடியுங்கள். வாழ்/கபல் கூவிளம், லாண்/டு காசு. விளச்சீர் முன் நேரசை, அது வெண்பாவுக்குரிய இயற்சீர் வெண்டளை. குற்றியலுகரத்தில் முடிகிறது. பேராசிரியருக்கு ஒரு குறள் வெண்பா:

கற்றவர் போற்றும் கலைவளர்த்த பேராசான்
சுற்றமொடு வாழ்கபல் லாண்டு.

அசை பிரித்து அலகிட்டுப் பாருங்கள். கற்/றவர் கூவிளம், போற்/றும் தேமா: விளம் முன் நேர். கலை/வளர்த்/த கருவிளங்காய்: மா முன் நிரை. பே/ரா/சான் தேமாங்காய்: காய் முன் நேர். சுற்/றமொ/டு கூவிளங்காய்: மறுபடியும் காய் முன் நேர். கற்ற, சுற்ற எதுகை. முதலடியில் கற்றவர், கலை மோனை. இது எலும்புக்கூடுதான். "கலைவளர்த்த" இருக்கும் இடத்தில் அவருடைய துறையை வையுங்கள். நிரையில் தொடங்கிக் காயில் முடியும் எந்தச் சொல்லும் அங்கே பொருந்தும்: "இலக்கணத்தின்" என்றால் இலக்/கணத்/தின், கருவிளங்காய், "போற்றும் இலக்கணத்தின் பேராசான்" சரியாக உட்காரும். மோனை மட்டும் போகும்.

நாலடி வெண்பாவாக விரிப்பதானால் முதல் மூன்றடிக்கு நாலு சீர், கடைசி அடிக்கு மூன்று. முதற்சொல் மங்கலச் சொல்லாக இருக்க வேண்டும் என்பது பாட்டியல் நூல்களின் விதி: சீர், திரு, பொன், பூ, மணி, உலகு, கடல், மலை போன்றவை. நம்புகிறோமோ இல்லையோ, தமிழ்ப் பேராசிரியர் அதைப் பார்ப்பார். "இல்லை", "விட்டு", "போய்" என்று தொடங்காதீர்கள். தெய்வம் காக்க என்று வாழ்த்தும் புறநிலை வாழ்த்து கலிப்பாவிலும் வஞ்சிப்பாவிலும் வராது என்கிறது தொல்காப்பியம். வெண்பாவைத் தேர்ந்தது நல்லதாயிற்று.

---

நெறியாளர்மேசை பதில்:

கல்வி மடலில் தவறுவது தகவலில்தான்.

"பணி ஓய்வு" என்பதைவிடப் "பணி நிறைவு" என்று எழுதுங்கள், ஆசிரியர்கள் அதையே விரும்புவார்கள். நாளை அவரிடமே கேளுங்கள். வயது முதிர்வு ஒரு மாதத்தில் வந்தாலும் கல்வியாண்டு முடியும்வரை மறுநியமனத்தில் தொடர்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நடுவிலேயே நிறைவு மடல் கொடுத்தால் சங்கடம்.

"இவரிடம் 20 பேர் முனைவர் பட்டம் பெற்றனர்" என்று எழுதும் முன் பட்டம் பெற்றவர்களையும் இன்னும் ஆய்வில் இருப்பவர்களையும் பிரித்து எண்ணுங்கள். நூல்களில் எழுதியவை வேறு, பதிப்பித்தவை வேறு. வாழ்த்துப் பத்தியில் அவர் முடிக்காமல் வைத்திருக்கும் நூலையோ பதிப்பையோ பெயர் சொல்லி, "அது விரைவில் அச்சேறுக" என்று எழுதுங்கள். ஓய்வுபெறும் ஆய்வாளருக்கு அதுதான் உண்மையான ஆசை. "இனி ஓய்வெடுத்து மகிழ்க" என்பது பலருக்குக் குத்தும்.

மாணவிக்கு: வாய்மொழித் தேர்வு முடிந்ததும் தேர்வுக் குழு பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறது. பட்டத்தை வழங்குவது பல்கலைக்கழகம். அதன் ஆணையோ தற்காலிகச் சான்றிதழோ பிறகு வரும். முந்தைய வாரத் தேர்வு என்றால் மடலில் "முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் தேறிய" என்று எழுதுங்கள். பெயருக்கு முன் "முனைவர்" வேண்டாம். மேடையில் வாயால் அழைப்பதை யாரும் தடுக்க மாட்டார்கள், ஆனால் அச்சில் இருப்பது நிற்கும். தேர்வுக்கு முன்பே அச்சுக்குக் கொடுக்கவும் வேண்டாம். நாள் தள்ளிப் போவது சாதாரணம். ஆய்வுத் தலைப்பை ஆய்வேட்டில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் போடுங்கள். "டாக்டர் முனைவர்" என்று இரட்டிப்பாக வருவதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விழா தமிழ்த்தாய் வாழ்த்தில்தானே தொடங்கும்? 2021 டிசம்பர் 17 முதல் அது மாநிலப் பாடல். முல்லைப்பாணியில், அதாவது மோகனத்தில், 55 விநாடியில் பாட வேண்டும். ஒலிநாடாவை ஓடவிடுவதைவிடப் பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாடுவதையே அந்த அரசாணையும் வலியுறுத்துகிறது. அவருடைய மாணவர்கள் நால்வரைப் பாடச் சொல்லுங்கள்.

---

அச்சுமை பதில்:

அச்சுக்குப் போகும்போது:

சட்டமிடும் மடலுக்கு ஏ3 தாள் (29.7 × 42 செ.மீ.) அளவான தேர்வு. நான்கு பக்கமும் 3 செ.மீ. விடுங்கள், சட்டத்தின் உதடு எழுத்தை விழுங்காது. உடல் எழுத்து 20 புள்ளிக்குக் குறைந்தால் கண்ணாடிக்குள் வாசிக்க முடியாது. அந்த அளவில் ஏறக்குறைய 150 சொல் கொள்ளும். சொல் கூடினால் எழுத்தைச் சுருக்காதீர்கள், சொல்லைக் குறையுங்கள்.

மலருக்குப் படம் 300 டிபிஐ, வெட்டுக்கு ஓரம் 3 மி.மீ. வாட்ஸ்ஆப்பில் வந்த படம் சுருங்கியிருக்கும். மூலக்கோப்பை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

யூனிகோடில் தட்டச்சு செய்ததை அச்சகத்தில் பாமினி போன்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். அப்போது உடைவது எது என்றால் ஸ்ரீ, ஷ, க்ஷ, ஔ. ஒகர ஓகாரக் கொம்புகள். துணைக்கால் இருக்கும் இடத்தில் "ர". எல்லாம் பெயர்களில்தான் வந்து மாட்டும். மாற்றிய பிறகு வந்த பிடிஎஃபை எடுத்து, வாசகத்தை விட்டுவிட்டு, பெயர்களை மட்டும் தனியாக ஒருமுறை உரக்கப் படியுங்கள். படிப்பவர் தட்டச்சு செய்தவராக இருக்கக் கூடாது. வெண்பாவின் சீர் இடைவெளியையும் அப்போதே பாருங்கள். "வாழ்கபல் லாண்டு" என்பதை ஒழுங்குபடுத்துவதாக நினைத்து "வாழ்க பல்லாண்டு" என்று பிரித்துவிடுவார்கள்.

---

குடந்தைச்செயலர்:

அந்தக் கடைசி வரி பலித்துவிட்டது. இன்று வந்த மெய்ப்பில் அப்படித்தான் பிரித்திருந்தார்கள், திருத்தி அனுப்பிவிட்டேன். "இவண்" இரண்டு மடலில் "இவன்" ஆகியிருந்தது, அதையும் எடுத்தாயிற்று. நகர்மன்ற மடலில் வாய்க்கால் வரியைச் சேர்த்திருக்கிறோம். அரங்கேற்றத்துக்கு வர்ணம் தொடங்கும் முன்பே போய் உட்கார இரண்டு பேரை ஏற்பாடு செய்திருக்கிறேன்.